கொள்ளு வேகிற வாசம்

சனிக்கிழமை காலை. குக்கரில் கொள்ளு போட்டிருந்தேன். நாலாவது விசிலில் அந்த வாசம் அடுக்களையைத் தாண்டி வாசல்வரை போய்விட்டது. சுட்ட மண்ணும் நனைந்த சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். பிடிக்காதவர்களுக்கு அது நாற்றம். எங்கள் வீட்டில் பிடிக்காதவள் மகள்தான். கொள்ளு வெந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். அன்று ஓடவில்லை. அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, தெப்பக்காட்டு வாசம்" என்றாள்.

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக எனக்கும் அது தெப்பக்காட்டு வாசம்தான். அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

முதல்முறை போனது அப்புச்சியோடு, அதாவது அம்மாவின் அப்பாவோடு. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் நாலு ஏக்கர் தோட்டமும் ஒரு ஜோடிக் காளையும் அவருக்கு. வருஷத்துக்கு ஒருதடவை ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்குப் போவார். மற்றபடி ஊரைவிட்டு நகர மாட்டார். அப்படிப்பட்டவரை அப்பா எப்படியோ பேசி, முழுப்பரீட்சை லீவில் ஊட்டிக்குக் கிளப்பிவிட்டார். அம்மிச்சி தூக்குப்போசியில் புளிசாதமும் இன்னொன்றில் தயிர்சாதமும் கட்டிக்கொண்டாள். மலை ஏறுகிற வரைக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இருந்தும் பர்லியாறு தாண்டுவதற்குள் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

ஊட்டிக் குளிரில் அப்புச்சிக்கு மனசு ஒட்டவில்லை. பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை எடத்துல ஒரு மாட்டைக் காணமே" என்றார். மறுநாள் கூடலூர் வழியாக மைசூர் போகிற பஸ்ஸில் ஏறி, முதுமலைக் காட்டில் யானை முகாம் இருக்கிற தெப்பக்காட்டில் இறங்கினோம். ஊட்டியில் போட்ட ஸ்வெட்டரை அங்கே கழற்ற வேண்டியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் காடு வேறு மாதிரி. காய்ந்த மூங்கிலும் தேக்கும், இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே மாயாறும்.

சாயங்காலம். ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தோம். யானை ஒன்றும் கண்ணில் படவில்லை. தூரத்தில் கழுத்துமணிச் சத்தம் மட்டும் கேட்டது. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மிச்சி சொல்லி முடிக்கவில்லை, மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து ஒன்று, அதன் பின்னால் ஒன்று என்று வரிசையாக வந்தன. கழுத்தில் மணி. பின்னங்காலில் கட்டிய நீளச் சங்கிலி புழுதியில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. நான் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டேன்.

அப்புச்சி யானையைப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துகொண்டிருந்தார். பிறகு, யாரையும் கேட்காமல் ஒரு கொட்டகையை நோக்கி நடந்தார். உள்ளே பெரிய பெரிய அண்டாக்களில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ராகி மாவு கிண்டிக் களியாகிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்த அவர் முகத்தில், ஊட்டியில் எங்குமே காணாத ஒரு வெளிச்சம். "அட அம்மிணி, நம்ம காளைக்கு வேக வெக்கற கொள்ளுதான் இதுக்கும்!"

அதற்கப்புறம் அப்புச்சியை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. சுவரில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு யானையின் பெயருக்கும் நேராக ராகி, அரிசி, கொள்ளு, வெல்லம், உப்பு என்று அளவு எழுதியிருந்தது. எங்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி இருந்ததால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்புச்சிக்குப் படிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

மாவுத்தரும் காவடியும் கவளம் உருட்டினார்கள். யானையை நடத்துகிறவர் மாவுத்தர். அவருக்குக் கைத்துணையாக இருந்து, தழை வெட்டி, குளிப்பாட்டுகிறவர் காவடி. அந்த இரண்டு சொல்லையும் அன்றுதான் முதலில் கேட்டேன். பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டு ஆட்கள். அப்பா, தாத்தா காலத்திலிருந்து இதே வேலை. அப்புச்சி ஒரு மாவுத்தரிடம் போய், தன் ஊர்க்காரரிடம் பேசுகிற மாதிரியே, "ஏனுங்க, ராத்திரிக்கு எங்க கட்டுவீங்க?" என்றார்.

"கட்டறதில்லீங்க. காட்டுல விட்டுருவோம். அதுவே மேஞ்சுக்கும்."

"காலையில திரும்பி வருமுங்களா?"

"அது எதுக்குங்க வருது? நாங்கதான் போகோணும்."

விடிவதற்கு முன்னால் போய், சங்கிலி இழுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து, மணிச்சத்தத்தைக் காதால் தேடி, யானையைக் கண்டுபிடித்து ஓட்டி வருவார்களாம். சில நாள் பக்கத்திலேயே நிற்கும். சில நாள் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். ராத்திரியில் காட்டு ஆண்யானைகளோடு சேர்ந்து, முகாமிலேயே கன்று போட்ட யானைகளும் உண்டு என்றார். சுமப்பது இருபது மாசத்துக்கும் மேலே என்றபோது அம்மிச்சி, "பாவம், ரெண்டு தீவாளி" என்றாள்.

இந்த முகாம் வந்ததே மரத்துக்காகத்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் காட்டு மரத்தை வெட்டி இழுக்க யானைகளைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் அது. நாங்கள் போன காலத்தில் அந்த வேலை ஓய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் யானைக்குப் பதிவேடு, மருத்துவர், வயதானால் ஓய்வு எல்லாம் உண்டு என்று கேட்டபோது, அப்புச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆனைக்குப் பென்ஷன் உண்டு, குடியானவனுக்கு இல்லே" என்றார். மாவுத்தர் சிரித்த சிரிப்பில் யானை காதை அசைத்தது.

அப்போதெல்லாம் யானைச் சவாரி உண்டு. மேடையில் ஏறி, முதுகில் கட்டிய மரச்சட்டத்தில் நாலு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். நான், அப்பா, அம்மா, அம்மிச்சி ஏறிவிட்டோம். என் கால் பட்ட இடத்தில் யானைத் தோல் காய்ந்த மரப்பட்டை மாதிரி இருந்தது. அதன் முடி கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தியது. ஒவ்வொரு அடிக்கும் சட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, அம்மிச்சி முருகனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். புள்ளிமான் கூட்டம் எங்களைப் பார்த்தும் ஓடவில்லை. யானை மேல் இருக்கும்வரை நாமும் யானைதான் போலிருக்கிறது.

அப்புச்சி மட்டும் ஏறவில்லை. அப்பா எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். "முப்பது வருஷமா மாடு வெச்சிருக்கறேன். ஒருநா அது முதுகுல உக்காந்ததில்லீங்க மாப்ளே. உக்காந்தா அதும் மூஞ்சி நமக்குத் தெரியாது, நம்ம மூஞ்சி அதுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார். நாங்கள் சுற்றிவிட்டு வந்தபோது, காவடியோடு குந்தி உட்கார்ந்து ஒரு யானையின் காலில் சங்கிலி உரசிய புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புச்சி சொன்னது அன்றைக்கு எனக்குக் கிழவர்களின் பிடிவாதமாகத்தான் பட்டது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதும், யானை மேல் போனவள் என்று ஒரு வருஷம் பேர் வாங்கினேன்.

அப்புறம் பல வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. 2003-இல் கோயில் யானைகளுக்கு முதுமலையில் புத்துணர்வு முகாம் என்று டி.வி.யில் காட்டினார்கள். தலையில் குளிர்ச்சியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மற்ற யானைகளைத் தும்பிக்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மிச்சி, "ஆனைக்கும் முழுப்பரீட்சை லீவு உட்டுட்டாங்க" என்று சிரித்தாள். அப்புச்சி அதைப் பார்க்க இல்லை.

இரண்டாம் முறை போனது கல்யாணமான புதிதில். என் வீட்டுக்காரர், அவருடைய இரண்டு நண்பர்கள், அவர்கள் மனைவிமார். மசினகுடியில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம், தப்பில் அதற்கு எவ்வளவு பங்கோ, காசு கொடுத்த எங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் விடுதி ஆள் வந்து, "ஜீப் இருக்கு, ஆனை காட்டறேன், வர்றீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டான். அதற்குக் கொஞ்சம் முன்புதான், 2009-இல், பந்திப்பூர் வழியாக ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி ஓடக் கூடாது என்று தடை வந்திருந்தது. மைசூரிலிருந்து வந்த நாங்களே அந்தத் தடைக்குப் பயந்து அவசரமாக வந்து சேர்ந்தவர்கள். அந்த நேரத்தில் காடு விலங்குகளுக்கு உரியது என்று தெரிந்திருந்தும் கூடக் காசு கொடுத்து ஜீப்பில் ஏறினோம்.

கொஞ்சதூரம் போனதும் டிரைவர் விளக்கை அணைத்து, எஞ்சினையும் அணைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு மணிச்சத்தத்துக்குக் காத்திருந்தேன் என்றால் இப்போது சிரிப்பு வருகிறது. மணி கட்டிய யானைக்குத்தான் அந்தப் பழமொழி. காட்டு யானை அத்தனை பெரிய உடம்போடு பஞ்சில் நடக்கிற மாதிரி வரும். டிரைவர் பளிச்சென்று கைவிளக்கை அடித்தபோது, ஜீப்புக்குப் பத்தடியில் நின்றுகொண்டிருந்தது. தாய். அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி.

வெளிச்சம் பட்டதும் குட்டி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தாயின் காலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. தாய் தும்பிக்கையால் அதைத் தன் பின்பக்கம் தள்ளியது. காது இரண்டும் விரிந்தன. ஒரு அடி முன்னால் வைத்தது. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். தாய் நின்றது, திரும்பியது, இருட்டு அவற்றை மூடிக்கொண்டது. விடுதிக்குத் திரும்பும்வரை ஒருவரும் பேசவில்லை. வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்தோம், பயம் தெளிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "பத்தடிங்க, வெறும் பத்தடி" என்று அந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்தக் கதையை நிறுத்தியது 2021 ஜனவரியில். மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த ஆண்யானை மேல் எரிகிற பொருளை வீசினார்கள். அது காதில் சிக்கிக்கொள்ள, நெருப்போடு யானை இருட்டில் ஓடுகிற காட்சி எல்லாருடைய செல்போனிலும் வந்தது. காயத்தோடு அலைந்த அதை லாரியில் ஏற்றித் தெப்பக்காட்டு முகாமுக்குக் கொண்டுவருகிற வழியில் உயிர் போயிற்று. லாரியிலிருந்து தொங்கிய தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறைக்காரர் ஒருவர் அழுத வீடியோவை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர், "நம்ம ஜீப்பு நெனவுக்கு வந்துச்சு" என்றார். எனக்கும் வந்திருந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் உச்ச நீதிமன்றம் மசினகுடி இருக்கிற சீகூர்ப் பகுதியை யானைகளின் வழித்தடம் என்று உறுதிசெய்து, வழியை மறித்து நின்ற விடுதிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. மேற்கு மலையிலிருந்து கிழக்கு மலைக்குப் போய்வர யானைகளுக்கு இருக்கிற இடுக்குப் பாதையில்தான் நாங்கள் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம்.

மூன்றாம் முறை போக வைத்தவள் மகள். முதுமலையில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற அனாதைக் குட்டியை வளர்த்த கதை, கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படமாகி, 2023-இல் ஆஸ்கர் வாங்கியது அல்லவா? ரகுவின் தாய் மின்சாரம் தாக்கிச் செத்தது என்று தெரிந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமைக் கடக்கும்போதெல்லாம், "இங்க யானை வராதில்ல?" என்பாள். ஒரு லீவில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

இப்போது மலை ஏற இ-பாஸ் வேண்டும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கா என்று வழியில் பார்க்கிறார்கள். அம்மிச்சியின் தூக்குப்போசிதான் இன்றைய சட்டத்துக்குப் பொருந்துகிறது. அலமாரியிலிருந்து அதை எடுத்துத் துலக்கிப் புளிசாதம் கட்டினேன். இந்தத் தடவை வாந்தி எடுத்தது மகன்.

தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கி, நேரம் வரும்வரை காத்திருந்து, தடுப்புக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தப்பட்டோம். சவாரி கிடையாது. தொடக் கூடாது, கத்தக் கூடாது. மகன் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்போது காற்று திரும்பியது. கொள்ளு.

யானைகள் வரிசையில் நின்றிருந்தன. மாவுத்தர்கள் ராகிக் களியும் சோறும் கொள்ளும் சேர்த்து அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் கம்பியில் முகத்தைப் பதித்து ஒருவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கவளத்தைக் கையில் ஏந்தி, நடுவில் கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் எதையோ வைத்து, மேலே கொஞ்சம் வெல்லத்தை அப்பி மூடினார். யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறக்க, நேராக நாக்கின் மேல் வைத்தார். "என்னம்மா ஒளிச்சு வெச்சாரு?" என்றாள். மாத்திரையாக இருக்கும் என்றேன். அப்புச்சி சீக்குக் காளைக்கு வாழைப்பழத்துக்குள் மருந்தை இப்படித்தான் வைப்பார் என்றும் சொன்னேன்.

முகாம் மரம் இழுத்த காலம் போய்விட்டது. இப்போது இந்த யானைகளுக்குக் கும்கி வேலை. ஊருக்குள் இறங்கிவிட்ட காட்டு யானையைத் திருப்பி அனுப்பவும், அடங்காததைப் பிடிக்கவும். அப்படி வந்ததுதான் மூர்த்தி என்கிற மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பலரைக் கொன்ற அதை 1998-இல் பிடித்து, பருத்த மரங்களால் கட்டிய கராலில் அடைத்து, காயத்துக்கு மருந்து போட்டுப் பழக்கினார்கள். பார்த்துக்கொண்டவர் வனத்துறையில் கால்நடை மருத்துவராக இருந்த வி.கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் பெயரையே யானைக்கு வைத்தார்கள். கொலைகாரன் என்று பேர் எடுத்து வந்தது, பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிற அளவுக்குச் சாதுவாகிப்போனது. மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னதும் சவாரி ஏமாற்றம் மறந்துபோயிற்று.

மாவுத்தர்களின் வாழ்க்கையும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. ஆஸ்கருக்குப் பிறகு தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் 91 பணியாளர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயும், வீடு கட்ட 9.10 கோடியும் அரசு அறிவித்தது. ஒரு படம் உலகம் சுற்றி வந்த பிறகுதான் அது நடக்க வேண்டியிருந்தது. விடியுமுன் சங்கிலித் தடம் பார்த்து நடந்தவர்கள், அதற்கு முன்னும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் கூடலூர் ஏற்றத்தில் மகள் கேட்டாள். "நீ சின்னப் பிள்ளையில யானை மேல போனியாமே, அப்பா சொன்னாரு."

"ம்."

"அந்த யானை உன்னைப் பாத்துச்சா?"

பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டேன். முதுகில் உட்கார்ந்திருந்தவளை அது எங்கே பார்த்திருக்கும்? ஜீப்பிலிருந்து பார்த்த தாய்யானையின் கண்ணிலும் கைவிளக்கு மட்டும்தான் விழுந்திருக்கும். இத்தனை வருஷம் அடிக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்தவளை எந்த யானையும் பார்த்ததில்லை. கீழே நின்று வேப்பெண்ணெய் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சியை அது நன்றாகப் பார்த்திருக்கும். "இல்ல சாமி, பாக்கல" என்றேன்.

குக்கர் ஆவி அடங்கியது. கொள்ளை வடித்து, தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைத்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்று, வெந்த கொள்ளில் ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு மசித்தாள். நேற்றைய ராகிக் களி மிச்சம் இருந்தது. அதையும் சேர்த்து உருட்டினாள். கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, வெல்லத் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, பதமாக மூடினாள். தம்பி ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்று, கரும்பலகையில் பேர் வாசிக்கிற தோரணையில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் ஒரு கையைத் தும்பிக்கை மாதிரி நெற்றிக்கு மேலே தூக்கிக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்தான்.